பெங்களூரா? ஐதராபாத்தா?

படிப்பு முடியும் ஆண்டில் நம் மாணவரிடையே வேறு பேச்சுக்கு இடமில்லை. வேலை, வேலை என்ற ஒரே பேச்சுத்தான். அந்த வேலை கிடைத்துவிட்டால் கவலை தீர்ந்தது என்று எண்ணுகிறோம். ஆனால் கணினித் துறைக் கம்பெனிகள் சில, நியமனக் கடிதத்துடன் ஒரு படிவத்தையும் சேர்த்தே அனுப்புகின்றன. பெங்களூரிலும் இடமுண்டு, ஐதராபாத்திலும் இடமுண்டு. சம்பளம் இரண்டிலும் ஒன்றே. எந்த ஊர் வேண்டும் என்பதைப் பத்து நாளுக்குள் தெரிவிக்கவும் என்று அது கேட்கிறது. இரண்டு கட்டங்கள், ஒன்றில் குறியிட வேண்டும். அவ்வளவே!

இந்த ஒரு குறிக்காக விடுதியில் நடக்கும் விவாதங்களுக்குக் கணக்கில்லை. பெங்களூரில் குளிர்ச்சி என்பார் ஒருவர். ஐதராபாத்தில் வாடகை மலிவு என்பார் இன்னொருவர். மூன்றாமவர் பிரியாணியைப் பற்றிப் பேசத் தொடங்குவார். அத்துடன் விவாதம் முடிந்து எல்லோரும் சாப்பிடக் கிளம்பிவிடுவோம். இவ்வாண்டு நம் மன்ற உறுப்பினர் சிலருக்கு இப்படிவம் வந்திருக்கிறது, எனக்கும் வந்தது. ஆகவே இதைச் சற்று முறையாக ஆராய்ந்து பார்ப்பது அடுத்த ஆண்டு தேர்வெழுதும் அன்பர்களுக்கும் பயன்படும் என்று கருதுகிறேன்.

நான் புள்ளியியல் மாணவன். எங்கள் பாடத்தில் தொடக்கத்திலேயே சொல்லித் தரும் செய்தி ஒன்று உண்டு. இரண்டு வகுப்புக்கள் இருக்கின்றன. ஒன்றின் சராசரி மதிப்பெண் 58, மற்றதன் சராசரி 61 என்று வைத்துக்கொள்வோம். உடனே இரண்டாம் வகுப்பு மாணவரே கெட்டிக்காரர் என்று சொல்லிவிடலாமா? ஒவ்வொரு வகுப்பிலும் 20 வாங்கியவரும் உண்டு, 95 வாங்கியவரும் உண்டு என்றால், ஒரு மாணவர் எந்த வகுப்பைச் சேர்ந்தவர் என்று தெரிவதனால் அவருடைய மதிப்பெண்ணைப் பற்றி நமக்கு ஒன்றும் தெரிந்துவிடாது. வகுப்புக்கும் வகுப்புக்கும் இடையே உள்ள வேற்றுமையைக் காட்டிலும் வகுப்புக்குள் உள்ள வேற்றுமை பெரிது. நகரங்களின் கதையும் இதுதான். நாம் இரண்டு ஊர்களை ஒப்பிடுவதாக நினைத்துக்கொண்டு பேசுபவற்றுள் பாதி, உண்மையில் ஊரைப் பற்றியவை அல்ல, பேட்டையைப் பற்றியவை. அவற்றைத் தனியே பிரித்து எடுத்துவிட்டால் எஞ்சுவது மிகக் குறைவு. முடிவு செய்ய வேண்டியதும் அந்த எஞ்சியதைக் கொண்டுதான்.

அலுவலகத்துக்குப் போய் வரும் நேரத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். பெங்களூரில் போக்குவரத்து நெரிசல் கொடியது என்பதை அங்கு போகாதவரும் சொல்வர். ஆனால் எந்தப் பெங்களூர்? கிழக்கே ஒயிட்ஃபீல்டு, தெற்கே ஓசூர் சாலையில் எலெக்ட்ரானிக் சிட்டி, வடக்கே மான்யதா. மூன்றிலும் பல்லாயிரம் பேர் வேலை பார்க்கிறார்கள்; மூன்றுக்கும் முகவரி பெங்களூர்தான். ஒயிட்ஃபீல்டுக்கு மெட்ரோ ரயில் 2023 அக்டோபரில் முழுமையாக வந்தது. எலெக்ட்ரானிக் சிட்டி வழியாகப் பொம்மசந்திரா செல்லும் மஞ்சள் தடம், 19 கிலோமீட்டர், 2025 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. அந்தத் தடத்தின் நிலையத்துக்கு அருகே அலுவலகமும், இன்னொரு நிலையத்துக்கு அருகே அறையும் அமைந்தவருக்குச் சாலை நெரிசல் செய்தித்தாளில் படிக்கும் செய்தி. தெற்கே குடியிருந்து வடக்கே வேலைக்குப் போகிறவருக்கோ அது அன்றாடத் தண்டனை. ஐதராபாத்திலும் இப்படியே. 2017 நவம்பரில் தொடங்கிய அவ்வூர் மெட்ரோ 2019-இல் ராய்துர்க் வரை வந்தது. ஹைடெக் சிட்டியில் வேலை என்றால் அது பெருவசதி. ஆனால் கச்சிபௌலியும் நானக்ராம்குடாவும் ராய்துர்க்கிற்கு அப்பால் இருக்கின்றன. அங்கு போகிறவர் இறங்கி ஆட்டோவோ பஸ்ஸோ தேட வேண்டும்.

இது சிறு விஷயம் என்று தள்ளிவிட வேண்டாம். ஒருவருக்கு ஒரு வழிக்கு ஒன்றரை மணி நேரமும், மற்றவருக்கு நாற்பது நிமிஷமும் ஆகிறது என்று வையுங்கள். நாளொன்றுக்கு நூறு நிமிஷம் வேறுபாடு. மாதத்துக்கு 22 வேலை நாள் என்றால் 2,200 நிமிஷம். அதாவது 36 மணி 40 நிமிஷம். நாளைக்கு எட்டு மணி நேர வேலை என்ற கணக்கில், நாலரை நாளுக்கும் சற்று மேல் சம்பளமில்லாமல் உழைப்பதற்குச் சமம். இந்த வேறுபாடு ஒரே ஊரில், ஒரே கம்பெனியில், அடுத்தடுத்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் இருவருக்குள் இருக்கக்கூடும்.

தண்ணீரும் பேட்டையைப் பொறுத்ததே. பெங்களூருக்குக் காவிரி நீர் ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து, சுமார் 500 மீட்டர் உயரத்துக்கு இறைக்கப்பட்டு வருகிறது. குழாய் எட்டாத இடங்களில் ஆழ்துளைக் கிணறும் லாரியும்தான் கதி. 2024 கோடையில் கிணறுகள் வற்றியபோது ஒரு தெருவில் தட்டுப்பாடும் அடுத்த தெருவில் நிம்மதியுமாக இருந்ததற்குக் காரணம் இதுவே. அவ்வாண்டு அக்டோபரில் நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர் தரும் காவிரி ஐந்தாம் கட்டத் திட்டம் தொடங்கியது. ஐதராபாத்துக்குக் கிருஷ்ணா நீரும் கோதாவரி நீரும் வருகின்றன; ஆயினும் மேற்குப் பகுதியின் அடுக்குமாடி வீடுகளில் கோடைக் காலத்தில் லாரித் தண்ணீர் புதிதன்று. வீடு பார்க்கும்போது, இங்கே எந்தத் தண்ணீர் என்று கேட்பதே தக்க வழி.

இனி, பேட்டை மாறினாலும் மாறாதவற்றுக்கு வருவோம். அவற்றுள் நம்மை முதல் மாதத்திலேயே தாக்குவது முன்பணம், அதாவது அட்வான்ஸ். தில்லியில் ஒரு மாதம், இரண்டு மாதம் என்று கொடுத்துப் பழகியவர் நாம். ஐதராபாத்திலும் இரண்டு மாத வாடகையே பெரும்பாலும் வழக்கம். பெங்களூரில் பத்து மாத வாடகை கேட்பது பழைய வழக்கம். இப்போது ஐந்து, ஆறு என்று பேசிக் குறைக்க முடிகிறது. குடியிருப்பு வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு மேல் வாங்கலாகாது என்று 2021-இல் மத்திய அரசு வெளியிட்ட மாதிரி வாடகைச் சட்டம் கூறுகிறது. ஆனால் அது மாதிரிதான். மாநிலம் தன் சட்டமாக ஏற்றால்தான் செல்லும்.

கணக்கிட்டுப் பார்ப்போம். வாடகை 24,000 ரூபாய் என்க. ஆறு மாத முன்பணம் 1,44,000. இரண்டு மாதமானால் 48,000. வேறுபாடு 96,000 ரூபாய். இந்தத் தொகை உங்களிடமே இருந்தால், நூற்றுக்கு ஏழு வட்டியில் ஆண்டுக்கு 6,720, மாதத்துக்கு 560 ரூபாய் இழப்பு, பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் நம்மில் பலரிடம் அது இல்லை. மாதம் நூற்றுக்கு மூன்று வட்டிக்குக் கடன் வாங்கினால் மாதந்தோறும் 2,880 ரூபாய் போகும். ஆக ஒரே முன்பணம் பணமுள்ளவருக்கு 560 ரூபாய். இல்லாதவருக்கு 2,880 ரூபாய்! மேலும் காலி செய்யும்போது வெள்ளையடிக்க என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்ளும் வழக்கமும் பெங்களூரில் பரவலாக உண்டு. ஒப்பந்தத்தில் அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள். ஒப்பந்தம் பதினொரு மாதத்துக்கு எழுதப்படுவதும் வியப்பன்று. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையை 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி பதிவு செய்தாக வேண்டும். அதைத் தவிர்க்கவே பதினொன்று.

ஆயினும் இந்த முன்பணத்தையும் தள்ளிப்போட வழி இருக்கிறது. இரு நகரங்களிலும் ‘பி.ஜி.’ எனப்படும் உணவோடு கூடிய விடுதிகள் ஏராளம். அவற்றுக்குச் சிறு தொகையே போதும். நாலைந்து மாதம் அங்கே தங்கிப் பணம் சேர்ந்தபின் வீடு பார்க்கலாம். விடுதிச் சோறு நமக்குப் புதியதா என்ன?

வரியைப் பற்றியும் சிலர் மணிக்கணக்கில் பேசுகிறார்கள். வருமான வரி எங்கும் ஒன்றே. மாநிலம் வாங்கும் தொழில்வரி ஆண்டுக்கு 2,500 ரூபாயைத் தாண்டக்கூடாது என்று அரசியலமைப்பின் 276-ஆம் பிரிவு சொல்கிறது. அதற்குமேல் அதைப் பற்றி யோசிக்க ஒன்றுமில்லை. வெயிலும் அப்படியே. பெங்களூர் ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்திலும், ஐதராபாத் 500 மீட்டரை ஒட்டியும் இருக்கின்றன. ஐதராபாத்தில் மே மாதம் 40 பாகையைத் தாண்டும். தில்லியின் மே மாதத்தைத் தகரக் கூரை வகுப்பறையில் கழித்தவர்கள் இதற்கா அஞ்சுவது?

மொழியைச் சொல்ல வேண்டும். 1806-இல் தோன்றிய செகந்திராபாத்தும் 1809-இல் தோன்றிய பெங்களூர்ப் பாளையமும் சென்னைப் படையோடு தமிழர் சென்று குடியேறிய இடங்கள். அல்சூர் ஏரிக்கரைப் பக்கம் போனால் தமிழிலேயே நாளைக் கழித்துவிடலாம். இதனாலேயே பெங்களூரைத் தேர்ந்தேன் என்று சொன்ன ஒருவரை எனக்குத் தெரியும். எனக்கு இது காரணமாகத் தோன்றவில்லை, இடறுகல்லாகவே தோன்றுகிறது. தில்லிக்கு வந்த ஆறே மாதத்தில் காய்கறிக்காரரிடம் இந்தியில் பேரம் பேசப் பழகிய நாம், தமிழ் செல்லும் ஊரில் நான்காண்டு இருந்தும் கன்னடத்தில் வழி கேட்கத் தெரியாமல் இருப்பது அவ்வூர் மக்களுக்குச் செய்யும் மரியாதையன்று.

ஆக, உண்மையில் எஞ்சுவன இரண்டே. ஒன்று, இரண்டாவது வேலை. முதல் வேலையைக் கம்பெனி கொடுத்துவிட்டது. அது கசந்தாலும், ஆட்குறைப்பில் போனாலும், அடுத்த வேலையைத் தரப்போவது ஊர். இங்கே வரலாறு பேசுகிறது. பெங்களூரில் இந்திய விஞ்ஞானக் கழகம் 1909-இலும், விமானத் தொழிற்சாலை 1940-இலும், தொலைபேசித் தொழிற்சாலை 1948-இலும், பாரத் எலெக்ட்ரானிக்ஸ் 1954-இலும் தோன்றின. அந்த அடித்தளத்தின்மேல் 1985-இல் டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் வந்தது. சில்லு வடிவமைப்பு, மின்னணுவியல் பயின்றவர் இன்றும் அங்கே போவதற்கு வேர் அங்கே இருக்கிறது. ஐதராபாத்தில் அரசு மருந்துத் தொழிற்சாலையின் நிழலில் மருந்துக் கம்பெனிகள் பெருகின. 1998-இல் சைபர் டவர்ஸ் திறந்தபின் கணினிக் கம்பெனிகள் மேற்கே ஓரிடத்தில் திரண்டன. அதில் ஒரு நன்மை உண்டு: வேலை மாறினாலும் பெரும்பாலும் வீடு மாற வேண்டியதில்லை. பெங்களூரில் கம்பெனிகள் மிகுதி. ஆனால் சிதறிக் கிடக்கின்றன. எனவே எந்த ஊரில் வேலை அதிகம் என்று பொதுவாகக் கேட்பது பயனற்றது. நம் பாடத்துக்கு எந்த ஊரில் மூன்று, நான்கு கதவுகள் இருக்கின்றன என்று கேட்க வேண்டும். மருந்து வேதியியல் பயின்று கணினிப் பக்கம் வந்த என் நண்பர் ஐதராபாத் என்று குறித்தார். அவர் செய்தது முற்றிலும் சரி. புள்ளியியலுக்கு இரு ஊரிலும் கதவுகள் உண்டு.

மற்றொன்று, பெற்ற வீட்டுக்கு உள்ள தொலைவு. என் வீடு திருநெல்வேலியில் இருக்கிறது. பெங்களூரில் மாலையில் நாகர்கோவில் வண்டி ஏறினால் காலையில் அங்கே இறங்கலாம். வெள்ளி இரவு புறப்பட்டு, இரண்டு நாள் இருந்து திரும்ப முடியும். ஐதராபாத்திலிருந்து சென்னைக்கு ஓர் இரவு, அங்கு வண்டி மாறி மேலும் பத்து மணி நேரம். தந்தையார் சென்ற ஆண்டு ஓய்வு பெற்றார். இதய நோய்க்கு மருந்து சாப்பிடுகிறார். தில்லியில் இருந்த இந்த இரண்டு ஆண்டுகளில், அவர் மருத்துவமனையில் இருந்த ஒருமுறை நான் போய்ச் சேர்வதற்குள் அவரே வீடு திரும்பிவிட்டார். வாடகையைப் பேசிக் குறைக்கலாம், அறையை மாற்றலாம், இந்தத் தொலைவைக் குறைக்க வேறு உபாயம் இல்லை. சொந்த ஊர் விசாகப்பட்டினமாகவோ நாகபுரியாகவோ இருந்திருந்தால் இதே கணக்கு வேறு விடை தந்திருக்கும்.

பெங்களூர் என்று குறித்தேன். குறிப்பதற்கு முன் கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதி, அலுவலகம் எந்தப் பேட்டையில், எத்தனை மாதத்தில் இடம் மாற்றக்கூடும் என்று கேட்டேன். மூன்றாம் நாள் பதில் வந்தது: எலெக்ட்ரானிக் சிட்டி, முதல் ஓராண்டு மாற்றம் இல்லை. இப்போது மஞ்சள் தடத்தின் நிலையங்களை ஒவ்வொன்றாக எடுத்து, நடந்துபோகும் தூரத்தில் என்ன பி.ஜி. இருக்கிறது என்று விசாரித்து வருகிறேன். அப்பக்கம் இருக்கும் பழைய மன்ற உறுப்பினர்கள் யாரேனும் தெரிவித்தால் நன்றியுடையேன்.