மான் ஊருக்குள் ஏன் வருது? பாதையைக் கண்டுபிடிப்பது எப்படி?

‘தண்ணீர் தேடி ஊருக்குள் வந்த புள்ளிமான்... நாய்கள் கடித்துப் பலி.’ கோடை வந்தால் நெல்லை, தென்காசி பக்கம் இந்தத் தலைப்பும் வந்துவிடும். மான் வழிதவறி வந்தது என்போம். ஆனால், அது தினமும் நடக்கிற பாதையாகவே இருக்கலாம்.

முதலில், எந்த மான்?

சுரண்டைக்குத் தென்மேற்கே குற்றால மலைக்காட்டில் உள்ள மிளா, அதாவது கடமான், அடர்ந்த காட்டை விரும்பும். இரவில்தான் நடமாட்டம் அதிகம். புள்ளிமான் அப்படியில்லை. புல்லும் புதரும் கலந்த இடம், பக்கத்தில் தண்ணீர் இருந்தால் கூட்டமாகத் தங்கிவிடும்.

நெல்லை - மதுரை வழியில் கங்கைகொண்டானில் அப்படியொரு காடு இருக்கிறது. 2013-ல் புள்ளிமான் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பரப்பு 288.40 ஹெக்டேர், சுமார் 712 ஏக்கர்தான். அக்கம்பக்கத்தில் நான்குவழிச்சாலை, ரயில் பாதை, சிப்காட், வயல்கள். எல்லைக்கல் எங்கே இருக்குன்னு மானுக்குத் தெரியுமா என்ன?

எப்படி ஆய்வு செய்கிறார்கள்?

பழைய வழி, புழுக்கை எண்ணுவது. சிறு சிறு கட்டங்களைச் சுத்தம் செய்துவிட்டு, சில நாள் கழித்துப் புதிதாக விழுந்ததை எண்ணுவார்கள். எங்கே அதிகமோ, அங்கே மான் அதிக நேரம் இருந்திருக்கிறது. சிக்கல் என்னன்னா, ஆட்டுப் புழுக்கையும் கிட்டத்தட்ட அதே மாதிரிதான். ஆடு மேயும் இடத்தில் கணக்கு தப்பிவிடும்.

அதனால் தானியங்கி கேமரா உதவுகிறது. எந்த நேரத்தில், எந்தப் பக்கம் போகிறது என்பது தேதியோடு பதிவாகும். ஒவ்வொரு புள்ளிமானுக்கும் புள்ளிகள் வேறுவேறு, நம்ம கைரேகை மாதிரி. படம் தெளிவாக இருந்தால், இங்கே பார்த்த மான்தான் அங்கேயும் வந்ததா என்று சொல்லிவிடலாம்.

துல்லியம் வேண்டுமென்றால் ஜிபிஎஸ் கழுத்துப்பட்டை. ஆனால் மான் விஷயத்தில் இது ஆபத்தான வேலை. பிடிக்கும்போது ஏற்படும் பதற்றத்திலேயே செத்துப்போகும் பிராணி அது. இணைசேரும் காலத்தில் ஆண் மானுக்குக் கழுத்து பருத்துவிடும், பட்டை இறுக்கக்கூடாது.

இதனால் என்ன பயன்?

தண்ணீர்த் தொட்டியைச் சாலைக்கு அந்தப் பக்கம் வைத்தால், நாமே மானை வண்டிக்கு முன்னால் தள்ளிவிடுகிறோம். கடக்கும் இடம் தெரிந்தால்தான் வேகத்தடை, எச்சரிக்கைப் பலகை எங்கே என்று முடிவு செய்ய முடியும்.

மானைப் பார்த்தால் விரட்டாதீங்க, சுற்றி நின்று போட்டோ எடுக்காதீங்க. நாய்களைக் கட்டிவைத்துவிட்டு வனத்துறைக்குச் சொல்லுங்க. பார்த்த இடம், நேரம், எந்தப் பக்கமிருந்து வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்க.