பெட்டி மாட்டாமல் உள்ளே போகலாமா?

என் அக்கா மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். போன மாதம் அவளைப் பொருட்காட்சிக்குக் கூட்டிப் போயிருந்தேன். ராட்டினம், டெல்லி அப்பளம் எல்லாம் முடிந்ததும், 'வி.ஆர். விளையாட்டு' என்று பலகை மாட்டிய ஒரு கடை முன்னால் நின்றுவிட்டாள். அரைமணி நேரம் வரிசையில் நின்றோம். அவள் முறை வந்தது. டிபன் பாக்ஸ் அளவில் ஒரு கறுப்புப் பெட்டியை அவள் முகத்தில் வைத்து, பின்னந்தலையில் பட்டையை இழுத்து மாட்டினார்கள். அவள் மூக்குக்கண்ணாடி போடுகிறவள். கண்ணாடியோடு பெட்டி உட்காரவில்லை, காதோரம் நெரித்தது. கண்ணாடியைக் கழற்றினால் படம் மங்கல். இரண்டே நிமிடத்தில் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு கேட்டாள்: "மாமா, அந்தப் பெட்டி இல்லாம வி.ஆர். விளையாடவே முடியாதா?"

நான் உடனே பதில் சொல்லவில்லை. "முதல்ல வெளியே பாரு. எது எது எப்படி ஓடுதுன்னு சொல்லு" என்றேன்.

ரோட்டோரப் புளியமரங்கள் விருட் விருட்டென்று பின்னால் ஓடின. வயலுக்கு நடுவே நின்ற பனைமரங்கள் நிதானமாக நகர்ந்தன. அதற்கும் அப்பால் இருந்த மலை நகர்ந்ததா இல்லையா என்றே தெரியவில்லை. நிலா எங்கள் கூடவே வந்தது. "இப்ப ஒரு கண்ணை மூடிக்கிட்டுப் பாரு" என்றேன். மூடினாள். அப்போதும் எது கிட்டே, எது தூரம் என்று அவளால் பளிச்சென்று சொல்ல முடிந்தது.

நாம் நகரும்போது பக்கத்தில் இருப்பது வேகமாக இடம் மாறும், தொலைவில் இருப்பது மெதுவாக மாறும். இந்த வித்தியாசத்தை வைத்தே மூளை தூரத்தைக் கணக்குப் போட்டுவிடுகிறது. வெட்டுக்கிளிக்குக்கூட இந்தக் கணக்குத் தெரியும். ஒரு புல்லிலிருந்து இன்னொரு புல்லுக்குத் தாவும் முன்பு அது உடம்பை இடமும் வலமுமாக அசைத்துப் பார்க்கும். கவனித்திருக்கிறீர்களா? எதிரே இருக்கும் புல் எவ்வளவு இடம் மாறுகிறது என்று பார்த்துத் தாவவேண்டிய தூரத்தை அளக்கிறது அது.

இனி ஒரு சோதனை. உங்கள் வீட்டில் ஜன்னலும் இருக்கும், படம் போட்ட காலண்டரும் இருக்கும். முதலில் காலண்டர் முன்னால் நின்று தலையை வலப்பக்கம் நகர்த்துங்கள். படத்தில் மரத்துக்குப் பின்னால் பாதி மறைந்திருக்கும் மான், பாதி மறைந்தபடியேதான் இருக்கும். எவ்வளவு எட்டிப் பார்த்தாலும் அதன் வால் தெரியாது. இப்போது ஜன்னல் முன்னால் நில்லுங்கள். தலையை ஒரு சாண் நகர்த்தினால் போதும், இதுவரை ஜன்னல் சட்டம் மறைத்துக்கொண்டிருந்த காகம் தெரியும். குனிந்தால் வானம் கூடுதலாகத் தெரியும். கிட்டே போனால் தெருவே விரியும்.

டி.வி.யும் கம்ப்யூட்டரும் போனும் காலண்டர் மாதிரி. நீங்கள் எங்கே நின்றாலும் ஒரே படத்தைத்தான் காட்டும். அதை ஜன்னல் மாதிரி ஆக்கிவிட்டால்? அதுதான் வி.ஆர்., அதாவது மெய்நிகர் உலகம் (விர்ச்சுவல் ரியாலிட்டி).

இப்படி ஆக்கிக் காட்டியவர்களில் முன்னோடி ஐவன் சதர்லேண்ட் என்ற அமெரிக்க விஞ்ஞானி. 1968-இல், தலையில் மாட்டும் ஒரு கருவியைத் தன் மாணவர்களோடு சேர்ந்து செய்தார். அதைக் கூரையிலிருந்து ஓர் இயந்திரக் கையில் தொங்கவிட வேண்டியிருந்தது. தலை எந்தப் பக்கம் போகிறது என்று கம்ப்யூட்டருக்குச் சொன்னதும் அந்தக் கைதான். இத்தனை ஏற்பாடும் எதைப் பார்க்க? அந்தரத்தில் மிதக்கும் ஒரு கனசதுரம். அதுவும் வெறும் கோடுகளால் ஆனது. ஆனால் பார்ப்பவர் நகர்ந்தால் கனசதுரத்தின் பக்கவாட்டு தெரிந்தது. சதர்லேண்ட் தன் ஆய்வுக் கட்டுரையில் ஒரு கருத்தை எழுதியிருக்கிறார். இரண்டு கண்ணுக்கும் தனித்தனிப் படம் காட்டுவது முக்கியம்தான். அதைவிட முக்கியம், தலை அசையும்போது படமும் அதற்கேற்ப மாறுவது. பெட்டியைவிடப் பெரியது தலையசைவு என்பது அன்றைக்கே அவருக்குத் தெரிந்திருக்கிறது.

அப்படியானால் தலை எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேறு வழி கிடைத்தால், பெட்டி வேண்டியதில்லை அல்லவா? 2007-இல் ஜானி லீ என்ற ஆராய்ச்சி மாணவர் இதைச் செய்து காட்டினார். அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தவர். அவர் பயன்படுத்தியது, நின்டென்டோ நிறுவனத்தின் 'வீ' என்ற வீடியோ கேமின் ரிமோட். அந்த ரிமோட்டின் முனையில் அகச்சிவப்பு ஒளியை மட்டும் பார்க்கும் ஒரு சின்ன கேமரா உண்டு. டி.வி. பக்கத்தில் வைக்கும் பட்டையில் அகச்சிவப்பு விளக்குகள் இருக்கும். நம் கண்ணுக்குத் தெரியாத அந்த விளக்குகளை ரிமோட் பார்த்து, தான் எந்தத் திசையில் நீட்டப்பட்டிருக்கிறது என்று தெரிந்துகொள்ளும்.

ஜானி லீ இதை அப்படியே தலைகீழாக்கினார். ரிமோட்டை டி.வி.க்குக் கீழே அசையாமல் வைத்தார். பட்டறையில் போடுவதுபோன்ற ஒரு பாதுகாப்புக் கண்ணாடியின் இரு ஓரங்களிலும் அகச்சிவப்பு விளக்குகளைப் பொருத்திப் போட்டுக்கொண்டார். இப்போது ரிமோட்டின் கேமராவுக்குத் தெரிவது இரண்டே இரண்டு புள்ளிகள். அந்தப் புள்ளிகள் ஒரு பக்கமாக நகர்ந்தால் தலையும் நகர்ந்திருக்கிறது. இரண்டும் நெருங்கி வந்தால் ஆள் பின்னால் போயிருக்கிறார். விலகினால் கிட்டே வந்திருக்கிறார். இரவில் எதிரே வரும் லாரியின் இரண்டு முகப்பு விளக்குகள் கிட்டே வர வர விலகித் தெரியுமே, அதே கதைதான். இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு கம்ப்யூட்டர், அவர் நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால் எப்படித் தெரியுமோ அப்படியே படத்தை மாற்றி மாற்றி வரைந்தது. சாதாரண டி.வி. ஒரு ஜன்னலாகிவிட்டது! குறிவைத்து எறியும் வட்டப் பலகைகள் சில திரைக்கு உள்ளேயும் சில திரையைத் தாண்டி வெளியேயும் மிதப்பதுபோல் தெரிந்தன.

எனக்கு மிகவும் பிடித்த செய்முறை இது. புதிய பொருள் எதையும் அவர் கண்டுபிடிக்கவில்லை. விளையாட்டுச் சாமான் ஒன்றைத் திருப்பி வைத்தார், அவ்வளவுதான். ஒரு குறை உண்டு: விளக்குக் கண்ணாடி போட்ட ஒருவருக்குத்தான் படம் சரியாகத் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு எல்லாம் கோணலாக ஆடும். இன்று விமானம் ஓட்டும் கேம் விளையாடுகிறவர்கள் பலர் விளக்குகூட இல்லாமல், கம்ப்யூட்டர் கேமராவையே முகத்தைக் கவனிக்கவைத்து, தலையைத் திருப்பினால் விமானத்தின் பக்கவாட்டு ஜன்னல் தெரியும்படி செய்துகொள்கிறார்கள்.

பெட்டி செய்யும் இன்னொரு வேலை, இரண்டு கண்ணுக்கும் இரண்டு படம் காட்டுவது. கட்டை விரலை நீட்டி, ஒரு கண்ணை மாற்றி ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். விரல் இங்கும் அங்கும் தாவும். இரண்டு கண்ணுக்கும் நடுவே சுமார் 6 சென்டிமீட்டர் இடைவெளி இருப்பதால் இரண்டும் கொஞ்சம் வேறு வேறு படத்தைப் பார்க்கின்றன. 1838-இலேயே சார்லஸ் வீட்ஸ்டன் என்ற ஆங்கிலேயர், முகம் பார்க்கும் கண்ணாடிகளை வைத்து இரண்டு ஓவியங்களை இரண்டு கண்ணுக்குக் காட்டி, தட்டையான ஓவியத்தில் ஆழம் தெரியவைத்தார். இதற்கும் பெட்டி கட்டாயமில்லை. 2011-இல் வந்த நின்டென்டோ 3டிஎஸ் என்ற கையடக்கக் கேமில், திரையோடு சேர்ந்து மெல்லிய தடுப்புக்கோடுகள் இருந்தன. அந்தச் சந்துகள் வழியாக இடது கண்ணுக்கு ஒரு படமும் வலது கண்ணுக்கு ஒரு படமும் போகும். தலையைக் கொஞ்சம் அசைத்தால் படம் உடைந்துவிடும் என்பதுதான் தொல்லை.

சரி, தலையசைவும் ஆயிற்று, இரண்டு படமும் ஆயிற்று. பிறகும் ஏன் இத்தனை பேர் அந்தக் கனமான பெட்டியைக் கட்டிக்கொண்டு திரிகிறார்கள்?

கையை முழுக்க நீட்டி முஷ்டியை மடக்குங்கள். அதன் அகலம் உங்கள் கண்ணுக்கு ஏறக்குறைய 10 பாகை. வானத்தைப் பார்ப்பவர்கள் நட்சத்திரங்களுக்கு இடையே உள்ள தூரத்தை இப்படித்தான் அளப்பார்கள். இப்போது கணக்குப் போடுவோம். 43 அங்குல டி.வி.யை இரண்டரை மீட்டர் தள்ளி உட்கார்ந்து பார்த்தால் அது சுமார் இரண்டு முஷ்டி அகலம். 15 சென்டிமீட்டர் நீளமுள்ள போனைக் குறுக்குவாட்டில், 30 சென்டிமீட்டர் தூரத்தில் பிடித்தால் கிட்டத்தட்ட மூன்று முஷ்டி. ஆமாம், கண்ணின் கணக்கில் போன்தான் டி.வி.யைவிடப் பெரியது! தலையில் மாட்டும் பெட்டியோ சுமார் பத்து முஷ்டி. அதற்கு வெளியே இருட்டு. ஜன்னல் எவ்வளவு அருமையாக இருந்தாலும் அதன் சட்டம் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். சுவரும், ஃபேனும், தம்பியின் முகமும் தெரியும். பெட்டிக்குள் சட்டமே இல்லை. ஜன்னல் வழியாகப் பார்ப்பதற்கும் வெளியே இறங்கி நிற்பதற்கும் உள்ள வித்தியாசம் அது.

பெட்டி இல்லாமல் அப்படி இறங்கி நிற்க ஒரே நல்ல வழி, அறையையே திரையாக்குவது. 1992-இல் சிகாகோவில் இல்லினாய் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கரோலினா குரூஸ்-நெய்ரா, டேனியல் சாண்டின், தாமஸ் டிஃபான்டி ஆகியோர் அதைச் செய்தார்கள். சுமார் 10 அடிக்கு 10 அடி அறை. மூன்று சுவர்களும் தரையும் திரை. அறைக்கு 'கேவ்' என்று பெயர், குகை என்று பொருள். உள்ளே போகிறவர் லேசான ஒரு கண்ணாடி மட்டும் போட்டுக்கொள்வார். அது இடது கண்ணையும் வலது கண்ணையும் மாற்றி மாற்றி மிக வேகமாக மறைக்கும். தன் கையையும் காலையும் அவர் பார்க்கலாம், நண்பரோடு முகம் பார்த்துப் பேசலாம். கார் கம்பெனிகள், இன்னும் செய்து முடிக்காத காருக்குள் உட்கார்ந்து பார்க்க இதுபோன்ற அறைகளைப் பயன்படுத்துகின்றன. ஆனால் அத்தனை புரொஜெக்டரும் கம்ப்யூட்டரும் நம் வீட்டு ஹாலில் வைக்கிற விஷயமா? இங்கும் படம் மிகச் சரியாகத் தெரிவது ஒருவருக்குத்தான்.

பெட்டி தரும் ஒரு தண்டனையும் உண்டு, தலைசுற்றல். நம் உட்செவியில் திரவம் நிறைந்த மூன்று அரைவட்டக் குழல்கள் இருக்கின்றன. தலை திரும்புகிறதா என்று மூளைக்குச் சொல்பவை அவை. பக்கத்திலேயே உள்ள இரண்டு சிறு பைகள், உடம்பு முன்னே போகிறதா, மேலே கீழே போகிறதா என்று சொல்லும். கண் "மலையிலிருந்து விழுகிறோம்" என்கிறது, காது "ஆடாமல் அசையாமல் நிற்கிறோம்" என்கிறது. இரண்டும் ஒத்துப்போகாதபோது வயிறு புரட்டுகிறது. தலையைத் திருப்பிய பிறகு படம் தாமதமாகத் திரும்பினாலும் இதே கஷ்டம்தான். நொடியில் 50-இல் ஒரு பங்குக்குள் படம் மாறிவிட வேண்டும் என்று பொறியாளர்கள் பாடுபடுவது அதனால்தான். சாதாரணத் திரையில் இந்தத் தொல்லை குறைவு. சுற்றிலும் அசையாத சுவர் தெரிவதால் மூளை சமாதானமாகிவிடும்.

இனி விளையாட்டுக்கு வருவோம். வி.ஆர். கேம் என்பதும் கம்ப்யூட்டர் நிரல்தான். தலை எங்கே, கை எங்கே என்று அது ஓயாமல் கேட்டுக்கொண்டே இருக்கும். பெட்டி பதில் சொல்லாவிட்டால் மவுஸ் பதில் சொல்லலாம். 'நோ மேன்ஸ் ஸ்கை' என்ற விண்வெளி கேமைப் பெட்டி மாட்டியும் விளையாடலாம், மாட்டாமலும் விளையாடலாம். 2020-இல் வந்த 'ஹாஃப்-லைஃப்: அலிக்ஸ்' பெட்டிக்கென்றே செய்த கேம். அதையும் சில ஆர்வலர்கள் மவுஸிலேயே ஓடும்படி மாற்றினார்கள். ஓடத்தான் செய்கிறது. ஆனால் அந்த கேமில் மேசை டிராயரைக் கையால் இழுத்து, குனிந்து எட்டிப் பார்த்து, உள்ளே கிடப்பதை எடுக்க வேண்டும். மவுஸில் அது ஒரு சொடுக்கு. உடம்பால் செய்ய வேண்டியதை விரலால் செய்யும்போது கேம் இருக்கிறது, ஆனால் அதன் ருசி போய்விடுகிறது.

இதையெல்லாம் கேட்டுவிட்டு அக்கா மகள் சொன்னாள்: "அப்போ விளையாடலாம், ஆனா உள்ளே போக முடியாது. அப்படித்தானே?" அவள் சொன்னது சரிதான்.

வீட்டில் இருக்கும் போனில் 360 பாகை வீடியோ ஒன்றைப் போட்டு, எழுந்து நின்று போனோடு மெல்லச் சுற்றிப் பாருங்கள். போனுக்குள் ஜைராஸ்கோப் என்ற சென்சார் இருந்தால் காட்சியும் உங்களோடு திரும்பும். விலை குறைந்த சில போன்களில் அது இருக்காது. திரும்புவதைப் பார்த்த பிறகு, திரும்பாமல் ஓர் அடி பக்கவாட்டில் நகருங்கள். இப்போது காட்சி என்ன செய்கிறது? அது ஜன்னலா, காலண்டரா? அப்படியே உங்கள் வீட்டு டி.வி., நீங்கள் வழக்கமாக உட்காரும் இடத்திலிருந்து எத்தனை முஷ்டி என்றும் அளந்து பாருங்கள்.