கேபிளுக்குள் ஒரு பிட்டின் நீளம்

2009 ஜூன் மாதம் ஆப்பிள் நிறுவனம் புதிய மேக்புக் ப்ரோ லேப்டாப்களை அறிமுகப்படுத்தியது. வாங்கியவர்களில் சிலர் கணினியின் விவரப் பட்டியலைத் திறந்து பார்த்தார்கள். முந்தைய ஆண்டு மாடலில் ஹார்ட் டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் இடையிலான சாட்டா இணைப்பு நொடிக்கு 3 கிகாபிட் வேகத்தில் ஓடியது. புதியதில் 1.5 என்று காட்டியது. உள்ளே இருந்த சில்லு 3 கிகாபிட்டுக்குத் தகுதியானதுதான். கணினியின் உள் மென்பொருளான ஃபர்ம்வேர்தான் வேகத்தைப் பாதியில் பிடித்து வைத்திருந்தது. முணுமுணுப்பு பலத்தது. அதே மாதத்தில் இஎஃப்ஐ ஃபர்ம்வேர் அப்டேட் 1.7 வந்தது, பூட்டு திறந்தது.

அப்டேட் போட்ட பலருக்குச் சிக்கல் ஏதும் வரவில்லை. கணினியோடு வந்த டிஸ்க்கைக் கழற்றிவிட்டுத் தாங்களே பெரிய டிஸ்க்கோ எஸ்எஸ்டியோ வாங்கிப் பொருத்தியிருந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு மட்டும் கணினி திடீர் திடீரென உறையத் தொடங்கியது. வண்ணச் சக்கரம் சுற்றும், எதைத் தொட்டாலும் அசையாது, சற்று நேரம் கழித்துத் தானாகவே வேலை தொடரும். பெரிய கோப்பை நகலெடுத்தால் பாதியில் நிற்கும். நேற்றுவரை நன்றாக இருந்த டிஸ்க், அப்டேட் போட்டதும் இப்படி ஆகிவிட்டது. ஆகவே அப்டேட் டிஸ்க்கைக் கெடுத்துவிட்டது என்று அவர்கள் முடிவுக்கு வந்ததில் வியப்பில்லை. ஆனால் பழைய ஃபர்ம்வேருக்குத் திரும்பியவர்களுக்குச் சிக்கல் போய்விட்டது. இன்னும் சிலர் புதிய ஃபர்ம்வேரை அப்படியே வைத்துக்கொண்டு, டிஸ்க்கையும் மதர்போர்டையும் இணைக்கும் தட்டையான சிறு கேபிளை மட்டும் மாற்றினார்கள். அவர்களுக்கும் போய்விட்டது.

அந்தக் கேபிளுக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்தால், லேப்டாப் என்ற பொருளின் மீதே மரியாதை கூடும்.

நொடிக்கு 3 கிகாபிட் என்றால் ஒரு பிட்டுக்குக் கிடைக்கும் நேரம் ஒரு நொடியை 300 கோடியாகப் பங்கிட்டதில் ஒரு பங்கு. வெற்றிடத்தில் ஒளி அந்த நேரத்துக்குள் 10 சென்டிமீட்டர்தான் போகும். செம்புக் கம்பியில் மின் சைகை அதைவிட மெதுவாகச் செல்வதால் சுமார் 6 சென்டிமீட்டர். அதாவது கேபிளுக்குள் ஒரு பிட்டுக்கு நீளம் இருக்கிறது. ஸ்கேல் வைத்து அளக்கக்கூடிய நீளம். டிஸ்க்கிலிருந்து மதர்போர்டு வரையிலான தூரத்தில் எந்த நேரத்திலும் ஓரிரண்டு பிட்கள், மிஞ்சிப்போனால் சில பிட்கள் மட்டுமே பயணத்தில் இருக்கும். முன்னால் போன பிட் மறுமுனையைத் தொடுவதற்குள் அடுத்தது கிளம்பிவிடுகிறது. கேபிளில் ஒரு மடிப்பு, இணைப்பானில் சிறு தளர்ச்சி, உறையில் ஒரு தேய்மானம் இருந்தால் சைகையின் ஒரு பகுதி அங்கே மோதித் திரும்பி, பின்னால் வரும் பிட்டின் மேல் விழும். 1.5 கிகாபிட்டில் ஒரு பிட் 12 சென்டிமீட்டர் நீளம் பெறுகிறது. அலை அடங்கி, சைகை நிலைப்பட்டு, அது பூச்சியமா ஒன்றா என்று பெறுமுனை தீர்மானிப்பதற்கு இரு மடங்கு அவகாசம். கேபிளில் குறை முன்பும் இருந்தது. மெதுவான வேகம் அதைப் பொறுத்துக்கொண்டது. அப்டேட் எடுத்துக்கொண்டது அந்த அவகாசத்தைத்தான்.

இரு முனைகளும் இந்தக் குறையை முதலிலேயே ஏன் கண்டுபிடிக்கவில்லை என்று கேட்கலாம். கணினியை ஆன் செய்ததும் டிஸ்க்கும் மதர்போர்டும் முதலில் வெறும் துடிப்புகளால் ஒன்றையொன்று எழுப்பிக்கொள்கின்றன. பிறகு டிஸ்க் தனக்குத் தெரிந்த மிக உயர்ந்த வேகத்தில் ஒரே வடிவத்தைத் திரும்பத் திரும்ப அனுப்பும். மதர்போர்டு அதைப் பிடித்துக்கொண்டால் அதுவே வேகம். பிடிக்க முடியாவிட்டால் டிஸ்க் ஒரு படி இறங்கி மறுபடி முயலும். கச்சேரிக்கு முன் சுருதி சேர்ப்பது போன்ற வேலை இது, மைக்ரோநொடிகளில் முடிந்துவிடும். ஆனால் சுருதி சேர்ந்ததாலேயே மூன்று மணி நேரக் கச்சேரி பிசகாமல் நடக்கும் என்று ஆகாது. சோதனைக்கு அனுப்புவது எளிய, சீரான வடிவம். உண்மையான கோப்புகள் தாறுமாறானவை. அத்தகைய தரவு மணிக்கணக்கில் ஓடும்போது, கோடியில் ஒரு பிட் பிறழ்ந்தாலும் நொடிக்கு முந்நூறு பிழைகள் சேர்ந்துவிடும்.

பிறழ்ந்த பிட் கண்ணுக்குத் தப்பிக் கோப்புக்குள் நுழைந்துவிடாதபடி காவல் இருக்கிறது. ஒவ்வொரு தரவுக் கட்டின் முடிவிலும் 32 பிட் சரிபார்ப்பு எண் ஒன்று வருகிறது. பெறுமுனை அதைத் தானே கணக்கிட்டு ஒப்பிடும். பொருந்தாவிட்டால் கட்டை நிராகரிக்கும். இந்தப் பாதுகாப்பே உறைதலுக்கும் காரணம். வேகத்துக்காகக் கணினி ஒரே நேரத்தில் 32 கட்டளைகள் வரை வரிசையில் நிறுத்தி வைக்கலாம். அதில் ஒன்று பிழையானால் டிஸ்க் வரிசை முழுவதையும் கைவிடுகிறது. கணினி என்ன நடந்தது என்று விசாரித்து, இணைப்பைப் புதுப்பித்து, எல்லாவற்றையும் மறுபடி அனுப்ப வேண்டும். சில வேளை பதில் வராமலே போகும். அப்போது காத்திருக்கும் நேரம் அரை நிமிடம்வரை நீளும். அந்த நேரத்தில் நம் கண்ணுக்குத் தெரிவது சுற்றும் சக்கரம் மட்டுமே. லினக்ஸ் இந்த இடத்தில் பாராட்டத்தக்க ஒன்றைச் செய்கிறது: பிழைகள் தொடர்ந்தால் இணைப்பைத் தானாகவே 1.5 கிகாபிட்டுக்கு இறக்கிவிட்டு, அதைத் தன் பதிவேட்டில் ஒரு வரியாக எழுதி வைக்கிறது.

இத்தனை பாடுபட்டு எட்டிய வேகத்தால் சாதாரண ஹார்ட் டிஸ்க் வைத்திருந்தவர்களுக்குக் கிடைத்தது ஏறக்குறைய ஒன்றுமில்லை என்பதுதான் இதில் வருத்தம். சாட்டாவில் ஒவ்வொரு 8 பிட்டும் 10 பிட்டாக மாற்றப்பட்டுப் பயணிக்கிறது. ஐபிஎம் நிறுவனத்தின் விட்மர், ஃபிரனாசெக் இருவரும் 1983-இல் வெளியிட்ட முறை அது. கம்பியில் பூச்சியமும் ஒன்றும் சமநிலையில் இருக்கவும், பெறுமுனை தாளம் தவறாமல் இருக்கவும் அந்தக் கூடுதல் பிட்கள் தேவை. ஆக 1.5 கிகாபிட் என்பது நொடிக்கு 150 மெகாபைட். சுழலும் லேப்டாப் டிஸ்க்குகள் அன்று தட்டிலிருந்து தொடர்ச்சியாகப் படித்துத் தந்தது 100 மெகாபைட்டை ஒட்டித்தான். பழைய பாதையே அவற்றுக்குப் போதும். எஸ்எஸ்டிகளுக்கு மட்டுமே புதிய வேகத்தால் உண்மையான பயன். 1.5-க்கு மேல் ஓடும் டிரைவ்களைத் தன் லேப்டாப்களுக்குச் சோதித்துத் தகுதி தரவில்லை, அவை ஆதரவுக்கு உட்பட்டவை அல்ல என்பது அப்டேட்டுடன் ஆப்பிள் சேர்த்த குறிப்பு. சட்டப்படி அது சரியாக இருக்கலாம். ஆனால் வேகத்தைத் தேர்ந்தெடுக்க ஒரு விசையாவது தந்திருக்கலாம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

இன்று ஒருவருடைய லேப்டாப்பில் இதே மாதிரி நேர்ந்தால், பார்க்க வேண்டிய இடம் டிஸ்க்கே வைத்திருக்கும் குறிப்பேடு. ஸ்மார்ட் என்று அதற்குப் பெயர். விண்டோஸில் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ, லினக்ஸிலும் மேக்கிலும் ஸ்மார்ட்மான்டூல்ஸ் என்ற இலவச மென்பொருள்கள் அதைத் திறந்து காட்டும். வரிசையாக வரும் எண்களில் 199 என்பது வழியில் சிதைந்து வந்த தரவுக் கட்டுகளின் எண்ணிக்கை. 5, 197, 198 ஆகிய மூன்றும் தட்டின் பரப்பைப் பற்றியவை: மாற்று இடத்துக்கு நகர்த்தப்பட்ட பகுதிகள், படிக்க முடியாமல் முடிவுக்குக் காத்திருக்கும் பகுதிகள், சோதனையில் மீட்க முடியாதவை. 199 மட்டும் ஏறிக்கொண்டே போய் மற்ற மூன்றும் பூச்சியமாக இருந்தால் சந்தேகம் கேபிளின் மேல், இணைப்பானின் மேல், வேகத்தின் மேல் விழ வேண்டும். 197 ஏறினால் நோய் தட்டிலேயே இருக்கிறது. 199 ஒருமுறை ஏறினால் கேபிளை மாற்றிய பிறகும் இறங்காது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். இன்று குறித்து வைத்து, நாளை அது நகர்ந்திருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும். அதே டிஸ்க்கைக் கழற்றி யுஎஸ்பி பெட்டிக்குள் போட்டு ஓட்டிப் பார்ப்பதும் நல்ல சோதனை. உள் கேபிள் வழியிலிருந்தே விலகிவிடுகிறது. 2012 நடுவில் வந்த 13 அங்குல மேக்புக் ப்ரோவைப் பழுதுபார்ப்பவர்களுக்கு இது பழகிப்போன கதை. அந்த மாடலில் டிஸ்க் கெட்டதுபோல் தோன்றும் பல வழக்குகளில் கெட்டிருப்பது கேபிள்தான்.

இந்தச் சோதனைக்கு முன்பே பலர் ஃபார்மேட் செய்துவிடுகிறார்கள் என்பதே என் ஆதங்கம். டிஸ்க் தெரியவில்லை, புதிதாக விண்டோஸ் போட்டுவிடலாம் என்று யாரோ சொல்ல, ஒரு குடும்பத்தின் பத்து வருடப் புகைப்படங்கள் போகின்றன. லேப்டாப்பின் ஃபர்ம்வேரான பயாஸின் அப்டேட்டுக்குப் பிறகு டிஸ்க் காணாமல் போவதற்குத் தட்டோடு சம்பந்தமே இல்லாத காரணங்கள் உண்டு. அப்டேட் சில சமயம் அமைப்புகளைத் தொழிற்சாலை நிலைக்குத் திருப்பிவிடும். டிஸ்க்கை அணுகும் முறை ஏஹெச்சிஐ என்று இருந்தது ரெய்டு என மாறினால் விண்டோஸ் தன் டிஸ்க்கையே அடையாளம் காணாமல் நீலத் திரையில் நிற்கும்; பயாஸுக்குள் போய் அந்த ஒரு வரியைத் திருப்பினால் எழுந்துவிடும். பிட்லாக்கர் பூட்டு போட்ட கணினியானால், ஃபர்ம்வேர் மாறியதைப் பாதுகாப்புச் சில்லு உணர்ந்து 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். அது பழுதே இல்லை. பூட்டு தன் வேலையைச் செய்கிறது. சாவியின் நகல் பெரும்பாலும் உரிமையாளரின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். அப்டேட்டுக்கு முன் பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்தி வைத்தால் அந்தக் கேள்வியே எழாது.

இதுவரை சொன்னது கணினியின் ஃபர்ம்வேர். ஹார்ட் டிஸ்க்குக்கும் தனியாக ஒன்று உண்டு, அதன் அமைப்பு இன்னும் விசித்திரமானது. அந்த மென்பொருளின் சிறு பகுதிதான் பச்சை நிற அட்டையில் உள்ள சில்லில் இருக்கிறது. பெரும்பகுதி சுழலும் தட்டுகளிலேயே, நாம் எட்ட முடியாத ஒதுக்குப் பரப்பில் எழுதப்பட்டிருக்கிறது. தட்டை எப்படிப் படிப்பது என்ற விரிவான அறிவைத் தட்டிலிருந்தே படித்துத் தெரிந்துகொண்டு டிஸ்க் விழிக்கிறது! தொழிற்சாலையில் ஒவ்வொரு டிஸ்க்கின் தலைகளுக்கும் ஏற்றபடி தனித்தனியே அளந்து எழுதிய எண்களும் அட்டையின் சில்லில் உண்டு. அதனால்தான் ஒரே மாடல் டிஸ்க்கின் அட்டையைக் கழற்றி இன்னொன்றில் மாட்டினால் பொதுவாக வேலை செய்வதில்லை.

சீகேட் நிறுவனத்தின் பாராகுடா 7200.11 வரிசையில் 2008 கடைசியில் நடந்தது இதற்குச் சாட்சி. அவை மேசைக்கணினி டிஸ்க்குகள். ஒதுக்குப் பரப்பில் அவை ஒரு நிகழ்ச்சிப் பதிவேட்டை எழுதி வந்தன. அதன் எண்ணிக்கை 320 போன்ற குறிப்பிட்ட ஓர் இடத்தில் நிற்கும்போது மின்சாரம் அணைந்து, மறுபடி வந்தால், சில சூழ்நிலைகளில் டிஸ்க்கின் மென்பொருள் அங்கேயே சிக்கிக்கொண்டது. பயாஸுக்கு டிஸ்க் இருப்பதே தெரியாமல் போயிற்று. தட்டில் ஒரு பிட்கூடக் கெடவில்லை. 2009 ஜனவரியில் நிறுவனம் திருத்தம் வெளியிட்டது. முதலில் வந்த திருத்தமே 500 ஜிபி மாடல்கள் சிலவற்றைச் செயலிழக்கச் செய்ய, அதைத் திரும்பப் பெற்று வேறொன்று தர வேண்டியதாயிற்று. தரவை இலவசமாக மீட்டுத் தரவும் முன்வந்தது. அதற்குள் பொறுமையும் துணிவும் உள்ள பயனாளர்கள், அட்டையின் சிறு ஊசிகளில் கம்பிகளைத் தொட்டு, அட்டைக்கும் மோட்டார் தொடுமுனைகளுக்கும் இடையே காகிதத் துண்டைச் செருகி, நொடிக்கு 38,400 பிட் வேகத்தில் டிஸ்க்கோடு நேரடியாகப் பேசி அதை எழுப்பிவிட்டிருந்தார்கள். இறந்ததாக நினைத்த டிஸ்க்கிலிருந்து எல்லாக் கோப்புகளும் திரும்பி வந்தன.

ஒரே ஒரு நிலையில் இந்தச் சோதனைகள் எதுவும் கூடாது. டிஸ்க்கிலிருந்து 'டக், டக்' என்று சீரான சத்தம் கேட்டால் தலை தன் இடத்தைத் தேடித் தவிக்கிறது என்று பொருள். உடனே அணைத்துவிட்டு, தரவு மீட்பு ஆய்வகத்திடம் கொடுக்க வேண்டும். மறுபடி ஆன் செய்யும் ஒவ்வொரு முறையும் தட்டில் கீறல் விழக்கூடும்.

இவ்வளவும் படித்துவிட்டு, அப்டேட் பக்கமே போகக் கூடாது என்று யாரும் முடிவெடுத்துவிடக் கூடாது. குரூஷியல் நிறுவனத்தின் எம்4 எஸ்எஸ்டிகள் மொத்தம் 5,184 மணி நேரம் ஓடியதும் கணினியை உறையவைக்கத் தொடங்கின; 2012 ஜனவரியில் வந்த ஃபர்ம்வேர் அப்டேட்தான் அவற்றைக் குணப்படுத்தியது. 2019 நவம்பரில் ஹெச்பிஇ நிறுவனம் தன் சர்வர்களில் போகும் சில எஸ்எஸ்டிகளைப் பற்றி எச்சரித்தது: 32,768 மணி நேரம் ஓடியதும் அவை நின்றுவிடும், தரவையும் மீட்க முடியாது. குறியுடன் கூடிய 16 பிட்டில் எழுதக்கூடிய மிகப் பெரிய எண் 32,767. கணக்குப் பார்த்தால் 3 ஆண்டு, 270 நாள், 8 மணி நேரம். ஒன்றுக்கொன்று காப்பாக ஒரே நாளில் பொருத்திய டிரைவ்கள் ஏறக்குறைய ஒரே வேளையில் அந்த எல்லையைத் தொடும். அவற்றுக்கு மருந்து, அந்த மணி நேரம் வருமுன் போட வேண்டிய ஃபர்ம்வேர் அப்டேட் ஒன்றுதான். ஆகவே பேக்கப் எடுத்து, லேப்டாப்பைச் சார்ஜரில் மாட்டி, இப்போதைய ஃபர்ம்வேர் எண்ணையும் 199-இன் அளவையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு அப்டேட் பொத்தானை அழுத்தலாம்.