அமாக்ஸிசிலின்: வளையத்தைத் தொடாமல் வாலை நறுக்கும் நொதி

மருந்து மூலப்பொருள்களுக்கான மத்திய அரசின் உற்பத்தி ஊக்கத்தொகைத் திட்டத்தில், நொதித்தல் வழியாகத் தயாராகும் பொருள்களுக்கு விற்பனையில் 20 சதவீதம் தரும் காலம் 2027 மார்ச் 31-உடன் முடிகிறது. 2027-28இல் அது 15 சதவீதம், அதற்கடுத்த ஆண்டு 5. இந்தச் செய்தி வெளியானதும் வந்த கடிதங்களில் திருமழபாடி வாசகர் ஒருவருடையது பலரின் குழப்பத்தையும் சேர்த்துக் கேட்டிருந்தது. பென்சிலினைத் தருவது பூஞ்சையா, பாக்டீரியாவின் நொதியா? ஆந்திராவில் ஆலை வந்தாயிற்று என்கிறார்களே, அப்படியென்றால் இத்தனை காலமும் 'இந்தியத் தயாரிப்பு' என்று அட்டையில் அச்சிட்டது எதை?

பூஞ்சையும் உண்டு, நொதியும் உண்டு. பெனிசிலியம் பூஞ்சை தொட்டியில் வளர்ந்து தருவது பென்சிலின் ஜி. ஆரம்ப சுகாதார நிலையத்தில் குழந்தையின் சளிக் காய்ச்சலுக்கு எழுதித் தரும் அமாக்ஸிசிலின் அதுவல்ல. பென்சிலின் ஜியின் நடுக்கருவை மட்டும் பிரித்தெடுத்து, வேறொரு வாலை ஒட்டினால்தான் அது அமாக்ஸிசிலின். அந்த நடுக்கருவுக்கு 6-ஏபிஏ என்று பெயர்.

பிரித்தெடுப்பதில்தான் சிக்கல். பென்சிலினின் உயிர், நான்கு அணுக்களால் ஆன பீட்டா-லாக்டம் வளையத்தில் இருக்கிறது. இழுத்துக் கட்டிய வளையம் அது. லேசாகச் சீண்டினாலும் திறந்துகொள்ளும், திறந்தால் மருந்து வெறும் பொடி. நறுக்க வேண்டிய வாலோ அதைவிட உறுதியான பிணைப்பில் நிற்கிறது. காரத்தை ஊற்றினால் முதலில் போவது வளையம்தான். அதனால் அந்நாளில் மைனஸ் 40 டிகிரிக் குளிரில், டைகுளோரோமீத்தேனில் கரைத்து, பாஸ்பரஸ் பென்டாகுளோரைடைச் சேர்த்து வாலை அகற்றினார்கள். குளிரூட்டும் செலவு ஒருபுறம், நச்சுக் கரைப்பான் மறுபுறம்.

ஈ.கோலை பாக்டீரியாவிலிருந்து கிடைக்கும் பென்சிலின் அசைலேஸ் என்ற நொதி இதே வேலையை வெறும் தண்ணீரில், உடல் சூட்டை ஒட்டிய வெப்பத்தில் செய்கிறது. வாலில் உள்ள பீனைல் அசெட்டைல் பகுதி அதன் பள்ளத்தில் கச்சிதமாகப் பொருந்தும். பொருந்திய இடத்துக்குப் பக்கத்துப் பிணைப்பை மட்டும் அறுக்கும். பலவீனமான வளையம் அருகிலேயே இருந்தும் அதைத் தொடாது. வால் கழன்றதும் பீனைல் அசெட்டிக் அமிலமாகக் கரைசலைப் புளிக்க வைக்கும் என்பதால், காரத்தைச் சிறுகச் சிறுகச் சேர்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கை தவறிக் கூடினால் வளையம் போய்விடும். நொதியைச் சின்னஞ்சிறு பிசின் மணிகளில் பிணைத்து வைத்திருப்பதால், வடித்தெடுத்து நூற்றுக்கணக்கான முறை மறுபடியும் இறக்கலாம். கழன்ற அமிலத்தையும் மீட்டுப் பூஞ்சைத் தொட்டிக்கே திருப்பி அனுப்பலாம்.

எனக்கு இன்னும் வியப்பாக இருப்பது அடுத்த கட்டம். அறுத்த அதே நொதியே புதிய வாலை ஒட்டவும் செய்கிறது. 6-ஏபிஏவோடு ஹைட்ராக்ஸிபீனைல்கிளைசின் என்ற அமினோ அமிலத்தின் எஸ்டரைக் கலந்தால் அமாக்ஸிசிலின் உருவாகும். சரியான நேரத்தில் நிறுத்தாவிட்டால், உருவானதை அந்த நொதியே திரும்ப அறுத்துவிடும். பஞ்சாபின் தோன்சாவில் உள்ள ஆலை இப்படி நொதிவழி அமாக்ஸிசிலின் தயாரிக்கிறது. அந்த அமினோ அமிலமும் நொதிகளின் கைவண்ணமே. நம் உடலின் புரதங்களில் இருப்பவை எல்-வடிவ அமினோ அமிலங்கள். இங்கே வேண்டியதோ அதன் கண்ணாடிப் பிம்பமான டி-வடிவம். இரண்டும் கலந்த கரைசலில் டி-யை மட்டும் பொறுக்கி எடுக்கிறது ஹைடான்டோயினேஸ் என்ற நொதி.

இனி வாசகரின் அடுத்த கேள்விக்கு, 'தன்னிறைவு' என்ற பேச்சுக்கு வருவோம். நொதிக் கட்டம் நம்மிடம் எப்போதோ வந்துவிட்டது. அசைலேஸ் மணிகளையே இந்திய நிறுவனம் தயாரித்து விற்கிறது. கைவிட்டுப்போனது பூஞ்சைத் தொட்டி. பிம்ப்ரியில் இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் 1955-லேயே பென்சிலின் தயாரித்தது. நம் பக்கத்துக் கடலூர் சிப்காட்டில் ஸ்பிக் தயாரித்தது. மலிவான சீனச் சரக்கின் முன் அவற்றால் நிற்க முடியவில்லை. அதற்குப் பின் சீன மூலப்பொருளை வாங்கி, வாலை மாற்றி, மாத்திரையாக அடித்ததும் 'இந்தியத் தயாரிப்பு' என்றே அச்சானது. இப்போதைய திட்டம் நொதித்தல் பொருள்களுக்கு 90 சதவீத உள்நாட்டு மதிப்புக் கூட்டலைக் கேட்பது நல்ல நிபந்தனை. காக்கிநாடாவில் அரபிந்தோ குழுமத்தின் ஆலை ஆண்டுக்கு 15,000 டன் பென்சிலின் ஜிக்கான திறனோடு 2024-ல் இயங்கத் தொடங்கியது. சர்க்கரையும் மின்சாரமும் விழுங்கும் அந்தத் தொட்டிகள் 5 சதவீதத்திலும், அதற்குப் பிறகும் ஓடினால் அதைத் தன்னிறைவு என்று நானும் எழுதுவேன்.

இந்த நொதி முறையைப் 'பசுமைத் தொழில்நுட்பம்' என்பதிலும் பாதிதான் உண்மை. கரைப்பான் குறைந்தது சரி, கழிவுநீர்? மருந்தாலைக் கழிவுநீரில் ஆன்டிபயாடிக் எச்சத்துக்கு வரம்பு வைத்து 2020 ஜனவரியில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் வரைவு வெளியிட்டது. 2021-ன் இறுதி அறிவிக்கையில் அந்த வரம்புகள் இல்லை. கழிவுநீரில் கசியும் மருந்துக்கு நடுவே தப்பிப் பிழைக்கும் கிருமிகள் பீட்டா-லாக்டமேஸ் என்ற வேறொரு நொதியைக் கைக்கொள்கின்றன. அது வாலை விட்டுவிட்டு வளையத்தை அறுப்பது. ஆலையில் நமக்கு உதவும் அதே ஈ.கோலை, நோயாளியின் சிறுநீர்ப் பாதையில் இந்த நொதியோடு வந்து நிற்கிறது.

மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாக:

அமாக்ஸிசிலினோடு கிளாவுலானிக் அமிலம் எதற்கு? வளையத்தை அறுக்கும் அந்த நொதியில் போய் ஒட்டி, அதை முடக்க.

மாத்திரைக்குள் நொதி இருக்குமா? மணிகளோடு ஆலையிலேயே தங்கிவிடும்.

பென்சிலின் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு நொதிவழி மருந்து ஒத்துக்கொள்ளுமா? மூலக்கூறு ஒன்றுதான், மருத்துவரிடம் ஒவ்வாமையைச் சொல்லாமல் எடுக்கக் கூடாது.

கோழித் தீவனத்தில் சேர்க்கும் லைசினும் நொதியில் செய்ததா? கோரினிபாக்டீரியத்தைச் சர்க்கரையில் வளர்த்து எடுப்பது. நொதியைத் தனியே பிரிப்பதில்லை.

பெரம்பலூர் மக்காச்சோளத்துக்கு இதில் இடமுண்டா? உண்டு, அமைலேஸ் நொதிகள் அதன் மாவுச்சத்தைக் குளுக்கோஸாக்கினால் தொட்டிக்கு அதுவே தீனி.

மாத்திரை விலை குறையுமா? ஊக்கத்தொகை போவது ஆலைக்கு. அமாக்ஸிசிலினின் உச்ச விலையை வைப்பது தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம்.