மேனி சிவந்தால் மாத்திரையை நிறுத்தலாமா?

நாட்பட்ட கல்லீரல் அழற்சிக்கு மருந்துண்டு வருபவரின் மேனி திடீரெனச் சிவந்து அரிப்பெடுத்தால், வீட்டில் இருவகைக் குரல்கள் எழும். "மருந்து ஒத்துக்கொள்ளவில்லை, நிறுத்திவிடு" என்பார் ஒருவர். "உடம்புச் சூடுதான், பொறுத்துக்கொள்" என்பார் மற்றொருவர். நோயாளரைச் சந்திக்கச் செல்லும் இல்லங்களில் இவ்விரண்டையும் கேட்டிருக்கிறேன். பொறுத்துக்கொள்ளச் சொல்லும் குரல் எவ்வளவு ஆபத்தானது என்பதை, அமெரிக்காவில் டெலப்ரெவிர் என்னும் மாத்திரைக்கு நேர்ந்த கதை காட்டும்.

1989-இல் கண்டறியப்பட்ட ஹெப்படைட்டிஸ் 'சி' வைரஸுக்குப் பல்லாண்டுகளாக இன்டர்பெரான் ஊசியும் ரிபவிரின் மாத்திரையுமே மருந்தாயிருந்தன. ரிபவிரினே தோலை உலர்த்தி அரிப்பைத் தரவல்லது. 2011 மே மாதம் இவ்விரண்டோடு சேர்த்து உண்ணும்படி டெலப்ரெவிருக்கு அனுமதி கிடைத்தது. பன்னிரண்டு வாரங்கள் உண்ணவேண்டும். குணமடைந்தோர் தொகை பெரிதும் உயர்ந்தது. ஆயினும் உண்டவர்களுள் பாதிக்கு மேற்பட்டோருக்குத் தோலில் தடிப்பு கண்டது. பெரும்பாலோர்க்கு அது மிதமானதே. களிம்பாலும் அரிப்படக்கும் மாத்திரையாலும் சமாளித்தனர். சிலருக்கோ தடிப்பு உடலெங்கும் பரவி, காய்ச்சலும் முகவீக்கமும் வாய்ப்புண்ணும் சேர்ந்து, தோல் கொப்புளித்து உரிந்தது.

2012 டிசம்பரில் அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகம் கறுப்புக் கட்டமிட்ட எச்சரிக்கையை அம்மருந்துக் குறிப்பில் சேர்த்தது. தடிப்பு முற்றிவந்த பின்னும் மருந்தைத் தொடர்ந்தவர்களுள் சிலர் மாண்டதே காரணம். பன்னிரண்டு வாரந்தானே எனப் பல்லைக் கடித்துக்கொள்ளும் மனம் நமக்கும் அந்நியமன்று.

2013 டிசம்பரில் சோபோஸ்புவிர் வந்தது. 2014-இல் டெலப்ரெவிர் அமெரிக்கச் சந்தையை விட்டகன்றது. புதிய மாத்திரைகளால் தோலுக்கு நேரும் தொல்லை மிகக் குறைவு. நம் நாட்டிலும் 2018 ஜூலையில் தொடங்கிய தேசியத் திட்டத்தின் வழியே அவை இலவசமாகக் கிடைக்கின்றன. எனினும் கல்லீரல் மிகவும் சுருங்கிப்போன சிலருக்கு ரிபவிரினையும் சேர்த்தே தருகின்றனர்.

ஹெப்படைட்டிஸ் 'பி' நோயின் நிலை வேறு. அதற்குரிய மாத்திரைகளைப் பல்லாண்டுகள் உண்ணவேண்டும். தாமாக நிறுத்தினால் அடங்கியிருந்த வைரஸ் சீறியெழுந்து கல்லீரலையே செயலிழக்கச் செய்யக்கூடும். இவர்களிடம் "நிறுத்திவிடு" என்போர் சற்றே வாய்மூடியிருத்தல் நலம்!

வெறும் அரிப்பும் சிறு தடிப்புமாயின், தாமதமின்றி மருத்துவரிடம் காட்டுங்கள். வீட்டிலுள்ள எல்லா மாத்திரைகளையும் உடன் கொண்டு செல்லுங்கள். வலிப்புக்கோ யூரிக் அமிலத்துக்கோ உண்ணும் மாத்திரையே குற்றவாளியாயிருக்கலாம். காய்ச்சல், கண் சிவப்பு, வாய்ப்புண், கொப்புளம், முகவீக்கம் இவற்றுள் ஒன்று சேர்ந்தாலும், அடுத்த வேளை மாத்திரைக்கு முன்னரே, நள்ளிரவாயினும், மருத்துவமனை சேருங்கள். அங்கு நிறுத்தப்பட்ட மருந்தின் பெயரை ஓர் அட்டையில் எழுதி வையுங்கள். அதை மீண்டும் உண்டு பார்க்கலாகாது.

தடிப்பேதுமின்றி அரிப்பு மட்டும் இருந்தால், மருந்தின்மீதே பழிபோட வேண்டாம். பித்தநீர் தடைப்படுவதாலும் அரிப்பெடுக்கும். இரத்தத்தைச் சோதித்தே அதை அறிய இயலும்.