தகவல் துளி: நிலாவரைத் தேசிக்காய்

கைபேசியில் அடிக்கடி சுற்றிவரும் கதையொன்று. யாழ்ப்பாணத்தில் அச்சுவேலிக்குப் பக்கத்தில், நவக்கிரியில் இருக்கிற நிலாவரைக் கிணற்றுக்கு அடியே இல்லையாம். அதிலே தேசிக்காயைப் போட்டால், அது கீரிமலைக் கேணியில் போய் மிதக்குமாம்! இராமர் வில்லூன்றிய இடம் என்று கூடச் சொல்லுவார்கள்.

கேட்கச் சுவைதான். உண்மை அதைவிடச் சுவை. யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடித்தளம் சுண்ணாம்புக்கல். மழைநீர் அதை மெல்ல மெல்லக் கரைத்து, நிலத்துக்குள்ளே வெடிப்புகளையும் குகைகளையும் உண்டாக்குகிறது. குகையின் கூரை இடிந்து விழுந்தால், நிலாவரை போன்ற ஆழ்ந்த நீர்நிலை தோன்றும்.

இங்கே மேலே நன்னீர், ஆழத்திலே உப்புநீர். மழைநீர் அடர்த்தி குறைந்தது. அதனால் கடல்நீரின்மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் இருக்கும் என்பது நிலத்தடி நீரியல் கணக்கு. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உப்பு மேலேறிவிடும். தோட்டக் கிணறுகளுக்கும் இதே விதிதான்.

ஊர்க் கதைகளைத் தேடிப் படிக்க விருப்பமா? ஈழத்து நூல்களையும் இதழ்களையும் 2005 முதல் இணையத்தில் சேர்த்துவரும் நூலகம் எண்ணிம நூலகத்தை இலவசமாகவே பார்க்கலாம். அடுத்தமுறை தேசிக்காய்க் கதை வந்தால், சுண்ணாம்புக்கல் கதையையும் சேர்த்தே அனுப்பிவிடுங்கள்!