மடியில் கை வைக்கும் 'பத்து ரூபாய்' திருடன்!

கள்ளக்குறிச்சி:

பூட்டு உடையவில்லை. ஓட்டைப் பிரிக்கவில்லை. நாய் குரைக்கவில்லை. ஆனால் வீட்டில் இருந்த பணத்தைக் காணோம்!

போலீசில் புகார் கொடுக்க முடியாத திருட்டு இது. திருடனை வீட்டுக்காரர்களே கையைப் பிடித்துக் கூட்டி வருகிறார்கள். அவன் பெயர் 'பத்து ரூபாய் பாக்கெட்'.

கள்ளக்குறிச்சி நகரம் ஆகட்டும், கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கம் ஆகட்டும், மாலை 6 மணிக்கு ஒரு பெட்டிக்கடை முன்னால் நின்று பார்த்தால் போதும். வாசலில் சரம் சரமாகத் தொங்கும். ஷாம்பு, சீயக்காய், காபித்தூள், மிளகாய்த்தூள், மசாலா, சிப்ஸ்.

"அண்ணே, அம்மா ஒரு சாம்பார் பொடி வாங்கியாரச் சொல்லிச்சு" என்று ஒரு பையன் ஓடி வருவான். பொடி பத்து ரூபாய். கூலியாக பையனுக்கு ஒரு சிப்ஸ். அடுப்பில் குழம்பு கொதிக்கும் முன்பே பத்து ரூபாய் இருபது ரூபாய் ஆகிவிடும்.

இப்படி எழுதி வைக்காத சாமானுக்கு ஒரு நாளைக்கு 20 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மாதம் 600. வருடம் 7,300 ரூபாய். 2023 செப்டம்பர் 15-ந் தேதி அரசு தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை மாதம் 1,000 ரூபாய். அதில் ஏழு மாதப் பணம் பெட்டிக்கடைக்கே போய்ச் சேருகிறது!

பாக்கெட் பிறந்த ஜில்லா

இந்தப் பாக்கெட் வெளியூர்ச் சரக்கு அல்ல. கள்ளக்குறிச்சி அந்தக் காலத்தில் தென் ஆற்காடு ஜில்லாவில் இருந்தது. அதன் தலைநகரம் கடலூர். அந்தக் கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன்தான் சின்னப் பாக்கெட் வியாபாரத்தின் முன்னோடி. பணக்காரர் வாங்கும் பொருளை ரிக்ஷா ஓட்டுகிறவரும் வாங்க வேண்டும் என்பது அவர் எண்ணம். அவருடைய மகன் சி.கே.ரங்கநாதன் 1983-ல் தனியாகத் தொழில் தொடங்கி 'சிக்' ஷாம்பைக் கிராமம் கிராமமாகக் கொண்டு போனார். பிறகு எல்லாக் கம்பெனிகளும் அந்த வழிக்கு வந்தன.

நல்ல எண்ணம்தான். பாட்டில் வாங்க வழியில்லாதவர் வீட்டிலும் ஷாம்பு நுரைத்தது. வேடிக்கை என்னவென்றால், ஷாம்பில் பல நேரம் கணக்கு தலைகீழாக இருக்கிறது. அளவைப் பார்த்தால் பாட்டிலைவிடப் பாக்கெட்டே மலிவு! ஆகவே சின்னதெல்லாம் நட்டம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது.

மிளகாய்த்தூள், பருப்பு, டீத்தூள் கதை வேறு. அஞ்சு ரூபாய் பிஸ்கட்டைப் பாருங்கள். விலை ஏறவே இல்லை, அதே அஞ்சு ரூபாய். ஆனால் உள்ளே இருக்கும் எடை வருடத்துக்கு வருடம் இளைத்துவிட்டது. விலையைப் பார்க்கிற தாய்மார்கள் எடையைப் பார்ப்பதில்லை. 'ஒரு கிராம் என்ன விலை' என்று பெரும்பாலான பாக்கெட்டுகளில் பொடி எழுத்தில் அச்சடித்திருக்கிறார்கள். இரண்டு பாக்கெட்டைப் பக்கத்தில் வைத்து அதை மட்டும் படித்தால் குட்டு வெளிப்படும்.

26 கிலோ மர்மம்

அரிசி ஆலைகள் நிறைந்த ஊர் கள்ளக்குறிச்சி. இங்கேயே அரிசி விஷயத்தில் ஒரு கூத்து நடந்தது.

2022 ஜூலை 18 முதல், பெயர் அச்சடித்துக் கட்டிய அரிசிக்கு 25 கிலோ வரை 5 சதவீதம் ஜி.எஸ்.டி. என்று உத்தரவு வந்தது. 25 கிலோவைத் தாண்டிய மூட்டைக்கு வரி இல்லை. உடனே தமிழ்நாட்டில் பல ஆலைகள் 26 கிலோ சிப்பம் போட்டன!

விளைவு என்ன? மொத்தமாக 26 கிலோ தூக்குகிறவருக்கு வரி இல்லை. கையில் காசில்லாமல் அஞ்சு கிலோ பை வாங்குகிறவருக்கு வரி. கடையில் சாக்கிலிருந்து அளந்து போடும் அரிசிக்கு வரி இல்லை என்பதும் பலருக்குத் தெரியாது.

சிக்கனம் பற்றிப் பேசுகிறவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். "மாதச் சாமானை ஒண்ணாம் தேதியே மொத்தமா வாங்குங்க" என்பார்கள். ஒண்ணாம் தேதி சம்பளம் வாங்குகிறவருக்கு அது சரி. கரும்பு வெட்டுக்கும் கட்டட வேலைக்கும் போய் அன்றாடம் கூலி வாங்குகிறவருக்கு ஒண்ணாம் தேதி எது, பதினஞ்சாம் தேதி எது? கூலி சில்லறையாக வருகிறது. சாமானும் சில்லறையாக வருகிறது.

மலையில் நோட்டுக் கணக்கு

மலைக்கு மேலே நிலைமை இன்னும் கஷ்டம். கடைச் சரக்கெல்லாம் கீழே இருந்து வண்டியில் ஏறி வர வேண்டும். கச்சிராயப்பாளையமோ சங்கராபுரமோ இறங்கி வாங்கலாம் என்றால் பஸ் செலவு, ஒரு நாள் கூலி இரண்டும் போகும்.

மலையாளி மக்களின் பணப் பயிர் மரவள்ளி. கிழங்கைப் பிடுங்கி ஜவ்வரிசி ஆலைக்கு அனுப்பினால்தான் மொத்தமாகப் பணத்தைக் கண்ணால் பார்க்கலாம். மற்ற மாதங்களில் கடைக்காரரின் நோட்டுதான் கதி. நோட்டில் எழுதி வாங்குகிறவர் விலை கேட்க முடியாது. "எடை சரியா இருக்குதா?" என்று கேட்கவும் வாய் வராது. கேட்டால் நாளைக்குக் கடன் கிடைக்காதே என்ற பயம்! 1976 வரை ஜாகிர்தார்கள் கையில் இருந்த மலை இது. கடன் என்றால் என்ன என்று இங்கே யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை.

இன்னொரு விசித்திரம், சாமை. மலையில் விளைந்து கீழே இறங்குகிற சாமை, நகரத்தில் 'சத்துணவு' என்று பளபளப்பான பாக்கெட்டில் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. விளைந்ததை எல்லாம் விற்றுவிட்டு, பிறகு காசு கொடுத்து டிபனுக்கு மாவுப் பாக்கெட் வாங்குவது எந்த ஊர் நியாயம்? வீட்டுக்கு நாலு மரக்கால் ஒதுக்கிவிட்டு மீதியை விற்கிற வீடுகள் கொஞ்சம் தப்பித்தன.

புளியும் அப்படியே. மாசி, பங்குனியில் புளி உலுக்கும்போது வாங்கி, கொட்டை எடுத்து, உப்புப் போட்டு பானையில் அடைத்து வைத்தால் வருடம் முழுக்கக் கவலை இல்லை. மிளகாயும் மல்லியும் வெயிலில் காயவைத்து மாவு மில்லில் அரைத்து வைத்த வீட்டுப் பையன் மாலை 6 மணிக்குப் பெட்டிக்கடைக்கு ஓட வேண்டாம். சிப்ஸ் செலவும் மிச்சம்!

சின்னச் சின்ன தந்திரம்

பணத்தைப் பிடித்து வைக்கத் தெரிந்த இல்லத்தரசிகள் கடைக்குப் போகும் முன் டப்பாக்களைத் திறந்து பார்க்கிறார்கள். கடுகு இருக்கும்போதே கடுகு வாங்குவது பல வீட்டில் நடக்கிற கதை. பிறகு லிஸ்ட். சாப்பிட்டுவிட்டுக் கிளம்புகிறார்கள். பசியோடு போனால் கை தானாக முறுக்குப் பக்கம் போகும்.

பெரிய கடையில் 'ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்' என்று எழுதிய இடத்தில் நிற்பதில்லை. வேண்டாத பொருள் இரண்டாக வந்தாலும் வேண்டாததுதானே? செல்போனில் பணம் அனுப்புவதிலும் ஆபத்து இருக்கிறது. நூறு ரூபாய் நோட்டை நீட்டும்போது மனசு வலிக்கும். போனைத் தட்டும்போது வலிக்காது. அதனால் மளிகைக்கு மட்டும் பணத்தை நோட்டாக எடுத்து டப்பாவில் போட்டு வைக்கிறார்கள். டப்பா காலியானால் கடை மூடியாச்சு!

ரேஷன் சாமானை விட்டுவிடுவதும் ஒரு நட்டம். 2011 ஜூன் முதல் அரிசி இலவசம். துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய் என்று அரசு விலை வைத்தது. வெளியில் பருப்பு நூறு ரூபாயைத் தாண்டிய பிறகும் ரேஷனில் அதே 30 ரூபாய்தான். 2024 மே மாதம் பருப்பும் பாமாயிலும் வராமல் தட்டுப்பாடு ஏற்பட்டபோது எத்தனை வீட்டு லிஸ்ட் தலைகீழானது என்று தாய்மார்களுக்குத் தெரியும்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கணக்கு பொய்க் கணக்கு. அம்மா கொத்தமல்லியில் இரண்டு ரூபாய் பேரம் பேசி மிச்சம் பிடிப்பாள். அய்யா சாயங்காலம் சாராயத்தில் அதைப் போல் பல மடங்கு விடுவார். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60 பேருக்கு மேல் செத்தார்கள். கூலிக்குப் போய் வந்தவர்களே அதிகம். அந்த வீடுகளில் மளிகை லிஸ்ட் போடுவது இப்போது பெண்கள் மட்டும்தான்.

தனியாக மூட்டை வாங்க முடியாதவர்கள் சேர்ந்து வாங்கலாம். 1989-ல் தர்மபுரியில் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழு இன்று மலைக் கிராமம் வரை இருக்கிறது. பத்துப் பேர் கூட்டத்துக்கு வருகிற நாளில் ஆளுக்கு நூறு ரூபாய் போட்டால் ஆயிரம் ரூபாய். பருப்பை மொத்தக் கடையில் எடுத்து வந்து தராசில் பிரித்துக் கொள்ளலாம். கடன் நோட்டில் பெயர் ஏறாது.

பாக்கெட்டில் அச்சடித்த விலைக்கு மேல், 'மலைக்கு ஏத்திட்டு வந்த செலவு' என்று சொல்லி ஒரு ரூபாய்கூடக் கேட்கக் கூடாது. கேட்டால் 1915 என்ற நம்பருக்குப் போன் செய்யலாம். ரேஷன் கடைப் புகாருக்கு 1967.